பேராயர் அஜாயி குரோதர்: குதிரைக்கு மாற்றப்பட்ட சிறுவன்



இந்த ஆண்டு நிறைவு மலரில் ஆபிரிக்காவைச் சேர்ந்த ஒரு தேவமனிதரின் வரலாற்றை எழுதுகிறேன். அவர் பெயர் சாமுவேல் அஜாயி குரோதர். அங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் ஆபிரிக்கர். யுத்தத்தில் ஊரை இழந்தவர், தாயைப் பிரிந்தவர், வேற்று மண்ணில் வளர்ந்தவர். அந்த வேற்று மண்ணில் இருந்துகொண்டே தன் தாய்மொழியை நூலாக எழுதத் தொடங்கியவர். ஊரைவிட்டு வந்து இந்த நாட்டில் ஒரு சபையாகக் கூடியிருக்கும் எங்களுக்கு அவருடைய வாழ்க்கை மிகவும் நெருக்கமானது.

ஊரும் யுத்தமும்

அஜாயி 1809ஆம் ஆண்டளவில், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் உள்ள ஓசோகுன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் துணி நெய்பவர். தாயின் பெயர் அஃபாலா. யொரூபா மக்களிடம் பிள்ளை பிறந்த விதத்தைப் பார்த்துச் சில பெயர்களை வைக்கும் வழக்கம் உண்டு. முகம் குப்புறப் பிறந்த பிள்ளைக்கு அஜாயி என்று பெயர்.

அக்காலத்தில் அந்தப் பகுதியை ஆண்ட ஓயோ பேரரசு உடைந்துகொண்டிருந்தது. படைத்தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். யுத்தத்தில் பிடிபட்டவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைத்தது. பிரிட்டன் தன் மக்கள் அடிமை வியாபாரம் செய்வதை 1807இல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. ஆனாலும் பிரேசிலிலும் கியூபாவிலும் தோட்ட வேலைக்கு ஆட்கள் வேண்டியிருந்ததால் வேறு நாட்டுக் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கடற்கரையில் வாங்குகிறவன் நின்றவரைக்கும் உள்நாட்டில் ஆள் பிடிக்கிறவனும் ஓயவில்லை.

1821இன் தொடக்கத்தில் ஒருநாள் காலை ஓசோகுன் தாக்கப்பட்டது. அஜாயிக்கு அப்போது 12 வயதளவில் இருக்கும். தகப்பனார் வீட்டுக்கு ஓடிவந்து குடும்பத்தை எச்சரித்துவிட்டு, ஊரைக் காக்கத் திரும்பி ஓடினார். அதன்பிறகு அவரை மகன் காணவே இல்லை. தாயும் பிள்ளைகளும் தப்பி ஓடும்போது பிடிபட்டார்கள். கழுத்தில் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராக நடத்திச் சென்றார்கள். தங்கைமாரில் ஒருத்தி கைக்குழந்தை.

பிறகு அவர்களைப் பிரித்தார்கள். அஜாயியை ஒருவர் ஒரு குதிரைக்கு மாற்றாகக் கொடுத்தார். கொஞ்சக் காலத்தில் குதிரை சரியில்லை என்று அந்த வியாபாரம் முறிந்தது. திரும்பவும் விற்றார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி லாகோஸ் துறைமுகத்துக்கு வந்த சிறுவனை, 1822 ஏப்ரலில் ஒரு போர்த்துக்கேயக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் கரையை விட்டுத் தூரம் போகுமுன்னே, அடிமை வியாபாரத்தைத் தடுக்கச் சுற்றி வந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் அதை மடக்கிப் பிடித்தன. பிடித்த கப்பல்களில் ஒன்றான மிர்மிடனுக்குத் தலைவர் ஹென்றி லீக். பிள்ளைகளே, இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், பிறகும் வருகிறார்.

அந்நிய ஊரில் கிடைத்த மொழி

மீட்கப்பட்டவர்களைப் பிரிட்டிஷார் அவரவர் ஊருக்குக் கொண்டுபோய் விடவில்லை. எல்லாரையும் சியரா லியோனில் உள்ள ஃப்ரீடவுனில் இறக்கினார்கள். 1822 ஜூன் மாதம் அஜாயி அங்கே வந்து சேர்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு கிராமத்தில் மிஷனரிகளிடம் எழுத வாசிக்கப் பழகினார், தச்சு வேலையும் கற்றார். 1825 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றார். லண்டனைச் சேர்ந்த ஒரு போதகரின் பெயரான சாமுவேல் குரோதர் என்பது அப்போதுதான் அவருக்கு வந்தது. அஜாயி என்ற பெயரையும் அவர் விடவில்லை. 1827இல் ஃபூரா பே கல்லூரி தொடங்கியபோது முதல் மாணவர்களில் ஒருவரானார். பின்னர் அசானோ என்ற சுசனாவைத் திருமணம் செய்தார். அவரும் அடிமைக் கப்பலில் இருந்து மீட்கப்பட்டவரே. ஆசிரியையாகப் பணி செய்தார்.

இங்கே எங்களோடு தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. அஜாயியைப் படிப்பித்த அதே சர்ச் மிஷனரி சங்கம்தான் 1823இல் யாழ்ப்பாணம் நல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது. அது இன்றைய பரி. யோவான் கல்லூரி. எங்கள் சபையில் அந்தக் கல்லூரியில் படித்த ஐயாமார் இருக்கிறார்கள். ஃப்ரீடவுனில் ஒரு பையன் எழுத்துப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், நல்லூரிலும் பையன்கள் அதே சங்கத்தின் வாங்கில்களில் இருந்து படித்தார்கள்.

ஃப்ரீடவுன் விசித்திரமான ஊர். மேற்கு ஆபிரிக்காவின் எல்லாப் பக்கங்களிலும் பிடிபட்டவர்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். கோலே என்ற ஜெர்மானிய மிஷனரி அந்த மக்களிடமே கேட்டு நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்களை எழுதி 1854இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்.

ஊரில் இருந்தபோது ஓயோ ஆட்கள், எக்பா ஆட்கள், இஜேபு ஆட்கள் என்று அவர்கள் தனித்தனி. தங்களுக்குள் சண்டையும் போட்டவர்கள். அந்நிய ஊருக்கு வந்தபிறகுதான் தங்கள் பேச்சு ஒன்றுக்கொன்று விளங்குகிறது என்று கண்டார்கள். அவர்கள் வணக்கம் சொல்லும் விதத்தைக் கேட்ட மற்றவர்கள் எல்லாரையும் சேர்த்து அக்கு என்று ஒரே பெயரால் அழைத்தார்கள். யொரூபா என்ற பெயர் முன்பு பெரும்பாலும் ஓயோ மக்களைத்தான் குறித்தது. அந்த மொழி பேசும் எல்லாருக்கும் அது பொதுப்பெயராகப் பரவியதில் குரோதரும் அவரோடிருந்தவர்களும் எழுதிய நூல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வடமராட்சி, தீவகம், மட்டக்களப்பு, மலையகம், திருநெல்வேலி என்று வேறு வேறு இடங்களில் பிறந்த நாங்கள் இங்கே ஒரே ஆராதனையில் பாடுவதை நினைத்தால், இது எப்படி நடந்திருக்கும் என்று எங்களுக்கு விளங்கும்.

1843இல் குரோதர் லண்டனில் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் யொரூபாச் சொற்களையும் இலக்கணத்தையும் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஃப்ரீடவுனில் யொரூபா மொழியிலேயே ஆராதனை நடத்தினார். ஆங்கில ஆராதனைக்குப் பழகியிருந்த மக்கள் தாய்மொழியில் செபம் கேட்கக் கூட்டமாக வந்தார்கள்.

அந்த மொழியை எழுதுவது சுலபமல்ல. கணவன், மண்வெட்டி, தோணி ஆகிய மூன்றுக்கும் யொரூபாவில் எழுத்துகள் ஒன்றே. குரலை ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் பொருள் மாறும். ஆகவே எழுத்துக்கு மேலே கோடுகளும் கீழே புள்ளிகளும் தேவைப்பட்டன. இவற்றை ஒழுங்குபடுத்த 1875இல் லாகோஸில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் குரோதரே. திருமறையை மொழிபெயர்க்கும்போது அவர் வீட்டுக்குள் இருந்து சொற்களை உருவாக்கவில்லை. முதியவர்களிடம் போய் இருந்து, அவர்கள் கதைப்பதைக் கேட்டு, பழமொழிகளைச் சேர்த்தார். 1862இல் அவருடைய வீடு தீப்பற்றி, சேர்த்து வைத்திருந்த குறிப்புகள் எரிந்துபோயின. மறுபடியும் தொடங்கினார். பலருடைய உழைப்பும் சேர்ந்து யொரூபா வேதாகமம் 1884இல் நிறைவுபெற்றது.

என்னோடு வேலை செய்யும் நைஜீரியத் தாதியர் சிலர் இரவு வேலையின் இடைவேளையில் கைபேசியில் யொரூபா வேதாகமம் வாசிப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த வாசிப்பின் வேர் அடிமைக் கப்பலில் இருந்து இறக்கப்பட்ட ஒரு பையனிடம் போய்ச் சேருகிறது.

தாயைக் கண்ட நாள்

ஃப்ரீடவுனில் கொஞ்சம் காசு சேர்த்த மக்கள் கப்பல் பிடித்துச் சொந்தப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். பலர் போன இடம் அபேகுட்டா. அதுவும் அகதிகளின் ஊர்தான். யுத்தத்தில் சிதறிய எக்பா மக்கள் 1830இல் ஒரு பெரிய பாறையின் அடிவாரத்தில் கூடி அந்த ஊரை அமைத்தார்கள். 1846இல் குரோதரும் மிஷனரியாக அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவர் வந்த செய்தி எப்படியோ பரவியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் திகதி, ஒரு வயதான தாய் அவரைத் தேடி வந்தார். அது அஃபாலா. 25 வருடங்களுக்குப் பிறகு தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாய் நடுங்கிப்போனார். இருவராலும் உடனே பேச முடியவில்லை. கைகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்கள். யோசேப்பின் கதையை வாசிக்கும்போது நாங்கள் கண் கலங்குகிறோமே, அது 19ஆம் நூற்றாண்டில் உண்மையாக நடந்தது. சகோதரிகளும் கிடைத்தார்கள். 1848இல் அஃபாலா ஞானஸ்நானம் பெற்று அன்னாள் என்ற பெயரை ஏற்றார். திருமறையில் சாமுவேலின் தாயும் அன்னாள்தானே.

யுத்தத்தில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் எங்கள் மத்தியிலும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் இப்படி ஒரு நாள் கிடைப்பதில்லை. குரோதரோடு கப்பலில் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கும் கிடைக்கவில்லை. அந்தத் தாய்மாரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

காய்ச்சலும் கொய்னாவும்

இனி ஒரு தாதியாக என் மனதில் தங்கிய பகுதியைச் சொல்ல வேண்டும். குரோதர் நைஜர் ஆற்றில் பல பயணங்கள் போனவர். முதலாவது 1841இல். மூன்று நீராவிக் கப்பல்கள் போயின. அவற்றில் இருந்த ஏறக்குறைய 150 ஐரோப்பியரில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் மலேரியாக் காய்ச்சல். மலேரியா நுளம்பால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1854இல் பிளேயட் என்ற கப்பலில் திரும்பவும் போனார்கள். குரோதரும் கூடப் போனார். அந்தப் பயணத்துக்குப் பொறுப்பாக இருந்த வைத்தியர் பெய்க்கி, காய்ச்சல் வரும்வரை காத்திராமல், எல்லாருக்கும் முன்கூட்டியே கொய்னா கொடுத்தார். தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கும் அதே கசப்பு மருந்து. நான்கு மாதமளவில் ஆற்றில் இருந்தும் அந்த 12 ஐரோப்பியரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

தாதியர் பயிற்சியில் இந்த மருந்தைப் பற்றி நானும் படித்தேன். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதே மருந்துதான் ஆபிரிக்காவின் உள்நாட்டுக்கு ஐரோப்பியர் போகும் கதவையும் திறந்தது. முன்பு காய்ச்சலுக்குப் பயந்து கரையோரத்தில் நின்ற வியாபாரிகளும் படைகளும் பிறகு ஆற்று வழியாக உள்ளே போனார்கள். 1884இல் பெர்லினில் ஐரோப்பிய நாடுகள் ஆபிரிக்காவைப் பங்கிடுவதற்கு விதிமுறை பேசத் தொடங்கின. அந்த மேசையில் ஒரு ஆபிரிக்கரும் இருக்கவில்லை.

குரோதருடைய வாழ்க்கையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1851இல் அவர் இங்கிலாந்துக்கு வந்து, லாகோஸில் அடிமை வியாபாரம் இன்னும் நடப்பதை விக்டோரியா மகாராணியிடமும் அமைச்சர்களிடமும் எடுத்துச் சொன்னார். அந்தத் துறைமுகத்தில்தான் அவரையும் கப்பலில் ஏற்றினார்கள். ஆகவே அவர் பேசியதில் வியப்பில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை லாகோஸைத் தாக்கியது. அடிமைச் சந்தை அடங்கியது. பத்து வருடங்களில், 1861இல், லாகோஸ் நகரமும் பிரிட்டனின் உடைமையாகிவிட்டது.

பேராயரும் பின்வந்த காயமும்

அக்காலத்தில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஹென்றி வென். ஒவ்வொரு நாட்டுச் சபையும் தன்னைத் தானே நடத்தி, தன் செலவைத் தானே பார்த்து, தன் ஊழியத்தைத் தானே செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய முயற்சியால் 1864 ஜூன் 29ஆம் திகதி கன்ரபரிப் பேராலயத்தில் குரோதர் பேராயராக அபிஷேகம் பெற்றார். கூட்டத்தில் ஒரு முதிய கடற்படை அதிகாரியும் இருந்தார். அவர்தான் ஹென்றி லீக். 42 வருடங்களுக்கு முன் தான் மீட்ட பையன் பேராயராவதைப் பார்க்க வந்திருந்தார். சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அம்மையாரும் வந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் கன்ரபரிக்குப் போனால் இந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு கறுப்பருக்குக் கீழே வேலை செய்ய அபேகுட்டாவில் இருந்த வெள்ளை மிஷனரிகள் சம்மதிக்கவில்லை. ஆகவே தன் சொந்த மக்கள் வாழும் பகுதி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. நைஜர் ஆற்றுப் பகுதிதான் அவர் பொறுப்பானது. அங்கே இக்போ, நூப்பே போன்ற வேறு மொழி பேசும் மக்கள். அவரும் அந்த மொழிகளைக் கற்றார். அவரோடு உழைத்தவர்கள் பெரும்பாலும் சியரா லியோனில் இருந்து வந்த ஆபிரிக்கர். 1857இல் ஒனிட்சாவில் ஊழியத்தைத் தொடங்கிய ஜே. சி. டெய்லர் அடிமைகளாய் இருந்த இக்போப் பெற்றோரின் மகன். ஆற்றில் போய்வரப் பேராயருக்கு நெடுங்காலம் சொந்தக் கப்பல் இல்லை; வியாபாரக் கப்பல்களையே நம்பியிருந்தார்.

வென் 1873இல் இறந்தார். காலம் மாறியது. 1886இல் ஒரு வியாபாரக் கம்பெனிக்கு நைஜர் பகுதியை ஆளும் அதிகாரத்தைப் பிரிட்டன் கொடுத்தது. ஆளப் பிறந்தவர்கள் தாங்களே என்ற எண்ணம் திருச்சபைக்குள்ளும் நுழைந்தது. இங்கிலாந்தில் இருந்து புதிதாக வந்த இளம் மிஷனரிகள் குரோதருடைய ஊழியர்கள்மேல் குற்றம் சுமத்தினார்கள். சிலரிடம் குறைகள் இருந்தது உண்மை. ஆனால் நல்லவர்களையும் சேர்த்து நீக்கினார்கள். 1890இல் ஒனிட்சாவில் நடந்த கூட்டத்தில், 80 வயதைத் தாண்டிய பேராயரை அவருடைய முகத்துக்கு நேரே அவமதித்தார்கள். அவர் அந்தக் குழுவில் இருந்து விலகினார். பிறகு வாதம் தாக்கி, 1891 டிசம்பர் 31ஆம் திகதி லாகோஸில் காலமானார். அவருடைய இடத்துக்கு ஒரு ஐரோப்பியரை நியமித்தார்கள். இன்னொரு ஆபிரிக்கரிடம் ஒரு பேராயத்தை முழுப் பொறுப்போடு ஒப்படைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இந்தியாவிலும் இதற்குக் காலம் எடுத்தது. திருநெல்வேலியைச் சேர்ந்த வே. ச. அசரியா அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, தோர்ணக்கலில் பொறுப்பேற்றது 1912இல். குரோதருக்கு 48 வருடங்கள் பிந்தி.

2014 ஜூன் 29ஆம் திகதி, குரோதர் அபிஷேகம் பெற்று 150 வருடங்கள் நிறைந்தபோது, அதே கன்ரபரிப் பேராலயத்தில் நன்றி ஆராதனை நடந்தது. அவருக்குச் செய்த அநியாயத்துக்காகக் கன்ரபரிப் பேராயர் அங்கே மனம் வருந்தி மன்னிப்பும் கேட்டார். 120 வருடங்களுக்கு மேல் பிந்தி வந்த மன்னிப்பு.

நிலைத்து நின்றது

குரோதரின் மகன் தண்டேசன், தகப்பனார் இறந்த அடுத்த ஆண்டே நைஜர் முகத்துவாரச் சபைகளைத் தனித்து நின்று நடத்தினார். மகள் வழிப் பேரன் ஹேர்பட் மக்காலே 1923இல் நைஜீரியாவில் ஒரு அரசியல் கட்சியைத் தொடங்கி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் குரல் கொடுத்தார். தாத்தாவை மீட்ட அரசிடமே பேரன் உரிமை கேட்டார்.

அந்தக் கம்பெனியின் ஆட்சி 1900ஆம் ஆண்டு முடிந்தது. 1960இல் பேரரசும் நைஜீரியாவை விட்டுப் போனது. குரோதர் எழுதிய மொழி நிற்கிறது. இன்று கோடிக்கணக்கான மக்கள் அதைப் பேசுகிறார்கள். பாடசாலையில் படிக்கிறார்கள், பத்திரிகை எழுதுகிறார்கள், பாடுகிறார்கள். சிதறடிக்கப்பட்ட மக்கள் வேற்று ஊரில் கூடி, தங்கள் பேச்சைக் கேட்டு, எழுதி, திரும்பவும் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த சொத்து அது.

எங்கள் மண்டபத்தில் ஆராதனைக்குப் பிறகு நடக்கும் தமிழ் வகுப்புக்கு வரப் பிள்ளைகளுக்குச் சில வேளை அலுப்பு. பெற்றோருக்கும், இவ்வளவு தூரத்தில் இருந்து இது எதற்கு என்ற கேள்வி வருவதுண்டு. ஃப்ரீடவுனில் 1844இல் தாய்மொழியில் செபம் கேட்கக் கூடியவர்களும் ஊரைவிட்டு வெகுதூரத்தில் இருந்தவர்களே. பிள்ளைகளே, இந்தக் கிழமை உங்கள் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ நீங்கள் இதுவரை கேட்டிராத ஒரு பழமொழியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் வாசிப்போம்.

ஆண்டவருக்கே மகிமை உண்டாவதாக.